அந்தக் கேடயத்தை நான் ஏன் வாங்கவில்லை

1

எழுதித் தருகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டேன். இப்போது பேனையைப் பிடிக்கக் கை கூசுகிறது. நான் எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல் பிசகும், வரி கோணும், ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன். மறதியும் வந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்கள் கூடிய இடத்தில் நான் வாய் திறப்பது குறைவு. பூசையில் பாட்டுப் பாடினால்கூட எனக்கு மட்டும் கேட்கும்படிதான் பாடுவேன். அப்படிப்பட்டவள் ரொறன்ரோவில் எங்கள் ஊர் ஒன்றியத்தின் ஆண்டுவிழா மேடையில் ஏறி ஒலிவாங்கியில் பேசினேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கேடயத்தைத் தூக்கி எறிந்தேன் என்று ஒரு கதை. மகள் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தாள் என்று ஒரு கதை. ஊரிலிருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தாள்.

“மச்சாள், உமக்குக் கனடாவிலை விசர் பிடிச்சிட்டுதாம் எண்டு இஞ்சை கதைக்கினம்.”

“ஆர் சொன்னது?”

“ஊர்காவற்றுறையிலையிருந்து வள்ளத்திலை வந்த ஆக்கள்.”

ரொறன்ரோவில் நடந்தது எழுவைதீவுக்கு வள்ளத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வழியில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்களோ தெரியாது. அதனால்தான் ஒன்றியத்தின் ஆண்டுமலரைப் போடுகிற மலர்க்குழுப் பிள்ளைகள், “அம்மா, நடந்ததை நீங்களே எழுதுங்கோ, ஊருக்கும் மலர் போகுதுதானே” என்று கேட்டபோது ஓம் என்றேன்.

நான் கேடயத்தை எறியவில்லை. மேசையில் வைத்தேன்.

2

இங்கே நான் என் இளைய மகள் ஜெசியோடு இருக்கிறேன். என் மனுசன் கடல் தொழில் செய்தவர், கனடாவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினார், போன வருடத்துக்கு முந்தின வருடம் கண் மூடினார். மூத்தவன் றெஜி மனைவி பிள்ளைகளோடு வேறு வீட்டில். அவன் பிள்ளைகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். நான் தமிழில் பதில் சொல்லுவேன். இரண்டு பக்கமும் சிரித்துச் சமாளிக்கிறோம்.

ஜெசிக்கு முப்பது கடந்துவிட்டது. கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறவர்கள் அவளிடம் கேளுங்கள், என்னிடம் கேட்க வேண்டாம். அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை பார்த்தாள். கார் அடிபட்டவர்கள், வீடு எரிந்தவர்கள் எல்லாம் அழைப்பார்கள். இவள் விவரம் எடுத்துக்கொண்டு வைக்காமல் அவர்கள் அழுகிற அழுகையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, நீ ஒவ்வொரு அழைப்பிலும் மற்றவர்களைவிடக் கனநேரம் நிற்கிறாய், இனி இப்படிச் செய்தால் வேலை இராது என்று எச்சரித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னாள், “அம்மா, அழுற மனிசியை இடையிலை வெட்டிப்போட்டு அடுத்த ஆளை எடுக்கச் சொல்லுறாங்கள். எனக்கு ஏலாது.”

அன்றைக்குத் தொடங்கியது. மாலை வகுப்பில் உளவியல் படித்து ஒரு பட்டம் எடுத்தாள். பிறகு மேலே படிக்க இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள். இரண்டும் கிடைத்துவிட்டது. வில்லங்கமும் அதுதான். ஒன்று சைக்கோலொஜிஸ்ட் ஆவதற்கு, தூரத்து நகரம் ஒன்றில். மற்றது தெரப்பிஸ்ட் ஆவதற்கு, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம்.

இரண்டும் ஒன்றுதானே என்றுதான் நான் நினைத்தேன். குசினியில் இருந்து இறால் உரித்தபடி ஜெசி விளங்கப்படுத்தினாள்.

“சைக்கோலொஜிஸ்ட் எண்டால் கன வருசம் படிச்சு டொக்டர் பட்டம் எடுக்கவேணும் அம்மா. மருந்து எழுதுற டொக்டர் இல்லை. ஆக்களுக்கு மனசிலை என்ன வருத்தம் எண்டு சோதிச்சு, அதுக்குப் பேர் சொல்லி, அறிக்கை எழுதலாம். பள்ளிக்கூடம் கேக்கும், நீதிமன்றம் கேக்கும். இருந்து கதைச்சு வைத்தியமும் செய்யலாம். தெரப்பிஸ்ட் எண்டால் படிப்புக் குறைவு. பிறகு கொஞ்சக் காலம் அனுபவப்பட்ட ஆள் ஒராளின்ரை மேற்பார்வையிலை வேலை செய்யவேணும். வருத்தத்துக்குப் பேர் சொல்ல ஏலாது, சோதனை வைக்க ஏலாது. ஆனா கிழமைக்குக் கிழமை அதே ஆளோடை இருந்து கதைக்கிறதுதான் முழு வேலையும்.”

“அப்ப முதலாவதுதான் பெரிசோ?”

“படிப்பு நீளம் அம்மா. பெரிசு சின்னன் எண்டு இல்லை.”

பொய் சொல்ல மாட்டேன். டொக்டர் என்ற சொல் எனக்கும் இனித்தது. கோயில் வாசலில் யாராவது ‘டொக்டரின்ரை அம்மா’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று இறால் தோலைக் கூட்டி அள்ளும்போது நினைத்துப் பார்த்தேன்.

3

சைக்கோலொஜிஸ்ட் செய்கிற வேலையை நான் கண்ணால் கண்டவள். அடுப்பை அணைக்க மறக்கிறேன் என்று குடும்ப டொக்டர் என்னை மறதிச் சோதனைக்கு அனுப்பினார். அதற்குப் போவதற்கே ஒரு கட்டுக் கடதாசி நிரப்ப வேண்டியிருந்தது. பிறந்த திகதி எங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவில் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. எது சரி என்று கேட்டார்கள். இரண்டு திகதியிலும் நான்தான் பிறந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த சைக்கோலொஜிஸ்ட் ஒரு வெள்ளைக்காரப் பெண், மிகத் தன்மையானவ. மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பிள்ளை. மணிக்கூடு ஒன்றைப் படமாய்க் கீறச் சொன்னார்கள், கீறினேன். ஐந்து சொல்லைச் சொல்லிப் பிறகு கேட்டார்கள், மூன்றைச் சொன்னேன். காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டி இது என்ன என்றார்கள். “இது எங்கடை பக்கம் இல்லை” என்றேன். இப்போது என்ன காலம் என்று கேட்டார்கள். “வாடைக் காத்து” என்றேன். மொழிபெயர்க்கிற பிள்ளை முழித்தது.

“பாட்டி, குளிர்காலமா, கோடைகாலமான்னு சொல்லுங்க.”

யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. எனக்குத் தெரியாமலா? ஆனால் எங்களுக்குக் காலம் என்றால் காற்றுத்தானே. சோளகம், வாடை, கொண்டல். வாடை எழும்பினால் வள்ளம் இறங்காது, வீட்டில் குழம்பு மாறும். அதை விளங்கப்படுத்தியபோது அந்தப் பெண் சிரித்து, எதையோ திருத்தி எழுதினா.

கடைசியில், இது வயதுக்குரிய மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றா. நான் வெளியே வந்து அந்த நடையில் இருந்த கதிரையில் இருந்து அழுதேன். மாதக்கணக்காய் நெஞ்சில் கிடந்த பயத்தை ஒரு காலைக்குள் இறக்கி வைத்துவிட்டா. அந்த வேலையைக் குறைவாய்ச் சொன்னால் என் நாக்கு அழுகும்.

ஆனால் ஒன்று. அவ கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். நான் சொல்ல வந்ததைக் கேட்க அங்கே நேரமில்லை. அது அவவின் பிழையில்லை. நான் போன வேலை அதுவல்ல.

4

அன்று வீட்டுக்கு வந்து ஜெசிக்கு நான் மதலேன் அக்காவின் கதையைச் சொன்னேன். எழுவைதீவில் வயது போனவர்களுக்கு அவவைத் தெரிந்திருக்கும்.

ஒரு வாடைக்குக் கடலுக்குப் போன மதலேன் அக்காவின் மனுசன் திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. உடல் இல்லை என்றால் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லை என்றால் செத்தவீடு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவ அழவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்து இரண்டு கோப்பையில் போட்டா. பெண்கள் சுற்றியிருந்து, “அழடி, வாய்விட்டு அழடி” என்று உலுப்பினார்கள். அது எங்கள் வழக்கம். அழுதால் இறங்கிவிடும் என்று நம்பினோம். அழாதபோது, விசர் என்று, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அக்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணைக்குப் போனவள் நான். டொக்டர் நல்ல மனிதர், மருந்து தந்தார். மருந்து வேலை செய்தது, அவவுக்கு நித்திரை வந்தது, இரண்டாவது கோப்பையைச் சாப்பாட்டுக்குப் போடாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டா. மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களில் டொக்டர்மார் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் புது முகம். ஒவ்வொரு முகமும், “என்ன நடந்தது, முதலிலையிருந்து சொல்லுங்கோ” என்று கேட்கும். அவ முதலிலிருந்து சொல்லுவா. வள்ளம் இறங்கியது, காற்று மாறியது, விளக்கோடு கரையில் நின்றது, விடிந்தது.

ஒருநாள் திரும்பி வரும் வள்ளத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னா.

“இனி நான் வரமாட்டன். மாசத்துக்கு மாசம் ஒவ்வொருத்தருக்கும் என்ரை மனுசனை நான் திரும்பத் திரும்பச் சாகக் குடுக்க ஏலாது.”

அதோடு போகவில்லை. கன காலம் இருந்துதான் செத்தா. ஆனால் மனுசனின் பெயரை அவ வாயால் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஜெசி கேட்டுக்கொண்டிருந்தாள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. “ஒரே ஆள் திரும்பத் திரும்ப இருந்திருந்தால்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

5

என் மனுசனின் நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். ஆட்கள் போன பிறகு றெஜியும் மருமகளும் நின்றார்கள். றெஜி தங்கச்சியைப் பிடித்துக்கொண்டான்.

“எத்தினையோ பேர் கேட்டு ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் அந்த டொக்டர் படிப்புக் குடுக்கிறாங்கள். நீ இன்னும் பதில் போடேல்லையாம். விசரே உனக்கு?”

“விசருக்குத்தான் அண்ணா படிக்கப் போறன், எடுத்த எடுப்பிலை அந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ.”

“கதைக்கிறதுக்கு ஒரு படிப்போ? எங்கடை அம்மாவும்தான் ரெலிபோனிலை நாள் முழுக்கக் கதைக்கிறா. அவவுக்கும் ஒரு பலகை எழுதி வாசலிலை தொங்கவிடுவம்.”

மருமகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“சனம் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லாததையே உன்னட்டை வந்து சொல்லப் போகுது?”

“பாவத்தைத்தான் அங்கை சொல்லுவினம். பயத்தை ஆரிட்டைச் சொல்லுறது?”

றெஜி கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தான். பிறகு குரல் மாறியது. “நான் ஊரிலை கம்பஸ் போய்ப் படிச்சவன். இஞ்சை லொறி ஓட்டுறன். வேலை இடத்திலை நான் சரியானதைச் சொன்னாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள். ஏன்? பேருக்கு முன்னாலை ஒண்டும் இல்லை. டொக்டர் எண்டு இருந்தால் உன்ரை வாயை ஒருத்தரும் பொத்த ஏலாது ஜெசி. அதுக்குத்தான் சொல்லுறன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெசிக்கும் அது தைத்தது, முகத்தில் தெரிந்தது. அதோடு விட்டிருந்தால் நல்லம். அவன் என் பக்கம் திரும்பினான்.

“அம்மாவுக்கு நீ வேறை ஊருக்குப் போறது விருப்பமில்லை. தனிய இருக்கப் பயம். அதாலைதான் சத்தம் போடாமல் இருக்கிறா.”

பயம் இருப்பது உண்மைதானே. பனிக்குள் இந்த வீட்டில் தனியே இருப்பதை நினைத்தால் எழும்பிப் போய்க் கதவுப் பூட்டைச் சரிபார்ப்பேன். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டு என் பிள்ளையைக் கட்டிவைக்கிறவள் நானா?

அடுத்த நாள் காலை ஜெசி சப்பாத்துப் போடும்போது சொன்னேன். “எனக்காக நிக்கிறதெண்டால் நிக்காதை பிள்ளை. வயதுபோன ஆக்களின்ரை கட்டடம் கிடக்கு, நான் அங்கை போவன். உன்ரை பெட்டியை நானே அடுக்கித் தருவன்.”

“உங்களுக்காக இல்லை அம்மா. அண்ணா சொல்லுறதும் சரி, என்ரை மனசு சொல்லுறதும் சரி. அதுதான் ஏலாமல் கிடக்கு. ஒன்றியத்தின்ரை விழா முடிஞ்ச கிழமை பதில் போடவேணும். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னைத் தள்ளாமல் இருந்தால் காணும்.”

6

தள்ளினார்கள். கேடயம் அடித்துத் தள்ளினார்கள்.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய படிப்புக்கு இடம் கிடைத்த பிள்ளைகளை விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பார்கள். படித்து முடியும்வரை பொறுக்கமாட்டார்கள். இடம் கிடைத்தாலே டொக்டர், இடம் கிடைத்தாலே எஞ்சினியர். றெஜி தலைவரிடம் சொல்லியிருக்கிறான். தலைவர் நல்ல மனிதர், ஊர்ப் பிள்ளை ஒன்று முன்னேறுகிறது என்ற சந்தோசத்தில் கேடயத்தை அடிப்பித்துவிட்டார்.

சோறும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டுச் சனம் பாதி மயக்கத்தில் இருந்தது. அறிவிப்பாளர் கூப்பிட்டார். “எங்கள் மண்ணின் முதலாவது உளவியல் டொக்டர், செல்வி ஜெசிந்தா! கேடயத்தைத் தாயார் தன் கையாலேயே வழங்குவார்!”

எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெசியின் முகம் வெள்ளையாகிவிட்டது. என் கையை இறுக்கினாள். “அம்மா, நான் போகேல்லை. போய் வாங்கினால் பிறகு என்னெண்டு மாட்டன் எண்டு சொல்லுறது? முந்நூறு சனம் பாத்துக்கொண்டு நிக்குது.”

“நீ இரு” என்றேன். எழும்பிப் போனேன். மேடைக்கு மூன்று படிதான், கடற்கரை மணல்மேட்டில் ஏறுவதுபோல மூச்சு வாங்கியது. தலைவர் கேடயத்தை என் கையில் வைத்தார். கண்ணாடியில் பொன் எழுத்து. டொக்டர் என்று முதலில், என் பிள்ளையின் பெயர் பிறகு.

“எங்கை அக்கா பிள்ளை?”

“வரமாட்டாள் தம்பி. இதை இப்பிடித் தாரும்.” ஒலிவாங்கியை வாங்கினேன். அது கீச்சிட்டது, நானும் பயந்தேன், சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

நான் சொன்னது இதுதான்.

“இதிலை எழுதியிருக்கிறது என்ரை பிள்ளையின்ரை பேர் இல்லை. அவள் இன்னும் டொக்டர் இல்லை. ஆகப் போறாளோ எண்டதும் தெரியாது. அதை முடிவெடுக்கிறது அவள். நானும் இல்லை, என்ரை மோனும் இல்லை, ஒன்றியமும் இல்லை. டொக்டராய் வந்தால் கும்பிடுவன். ஆக்களோடை இருந்து கதை கேக்கிற தெரப்பிஸ்டாய் வந்தாலும் கும்பிடுவன். அதுக்குக் கேடயம் அடிக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். அடிக்க வேண்டாம். நாங்கள் எல்லாரும் எதைக் கண்டு வந்தனாங்கள், எதைப் பறிகொடுத்து வந்தனாங்கள் எண்டு இஞ்சை தெரியாத ஆக்கள் இல்லை. ஒருத்தன் நித்திரையிலை கத்தினால் விசர் எண்டு சொல்லிச் சிரிக்கிறம். அவனோடை இருக்கப் போற பிள்ளைக்கு டொக்டர் எண்டு பேர் போட்டால்தான் கைதட்டுவமோ? உங்கடை கைதட்டு எனக்கு வேண்டாம்.”

கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். பிறகு பின்வரிசையில் ஒரு பொம்பிளைக் குரல், “அக்கா சொன்னது சரி” என்றது. யார் என்று பார்க்கத் திரும்பினேன், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

றெஜி எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். “சபையிலை என்ரை தலையைக் குனிய வைச்சிட்டியள்.”

“நீ சொன்னதை நான் கேட்டனான் தம்பி. நான் சொன்னதை நீயும் ஒருக்காக் கேள்.”

அவன் போய்விட்டான்.

7

போகும்போது குளிர்க்கோட்டு எடுக்க வரிசையில் நின்றோம். ஜெசி காரைச் சூடாக்கப் போயிருந்தாள். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி என் தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “பிள்ளை எப்ப படிச்சு முடிப்பா அக்கா?” என்று கேட்டா. நான் பதில் சொல்ல முன்னம் இன்னொருத்தி, “தமிழிலை கதைக்கலாமோ?” என்றா. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கதவடியில் சிகரெட் பற்றவைத்தபடி நின்ற ஒரு ஆம்பிளை, என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “ஆம்பிளையளையும் பிள்ளை பாப்பாவோ?”

அவர்கள் யார் என்று எழுதமாட்டேன். மேடையில் ஏறிப் பேசினவள்தான், ஆனால் அதை என்னிடமிருந்து ஒருவரும் பிடுங்க ஏலாது.

காரில் ஏறி ஜெசியிடம் சொன்னேன், ஆட்களைச் சொல்லாமல், கேட்டதை மட்டும். அவள் காரை எடுக்காமல் இருந்தாள். கண்ணாடியில் படிந்த பனி உருகி வழிந்தது.

“மூண்டு பேரோ அம்மா?”

“வரிசை நீளமாயிருந்தால் இன்னும் கேட்டிருப்பினம்.”

திங்கட்கிழமை அவள் டொக்டர் படிப்புக்கு நன்றி சொல்லி மறுத்து எழுதினாள். நான் பக்கத்தில் நிற்கவில்லை, குசினியில் நின்றேன். எழுதி முடித்துவிட்டு வந்து, “அனுப்பிட்டன்” என்றாள். “சாப்பிடு” என்றேன். தட்டில் கை வைத்தபடி கொஞ்சம் அழுதாள். கிடைத்ததைக் கைவிட்டதற்கான அழுகை அது. அண்ணனின் சொல்லும் அதற்குள் இருந்திருக்கும். நான் உலுப்பவில்லை, அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

இப்போது படிக்கிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள். றெஜி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மீன் வாங்கி வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துப்போட்டுப் போகிறான். கோபம் இருந்தால் இருக்கட்டும். மீன் நல்ல மீன். நான் அவனுக்கு அடிபணியப் போவதில்லை, மீனைத் திருப்பி அனுப்பப் போவதுமில்லை.

இதற்குக் கேடயம் தராத ஒன்றியத்துக்கு வணக்கம். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன், எனக்கு விசர் பிடிக்கவில்லை. பிடித்தாலும் வெட்கப்படமாட்டேன், போய்ச் சொல்லுவேன்.

மலர்க்குழுப் பிள்ளைகளே, அச்சில் போட முன்னம் படித்த ஒராள் இதைச் சரிபார்க்க வேணும். சைக்கோலொஜிஸ்ட் என்ன செய்யலாம், தெரப்பிஸ்ட் என்ன செய்ய ஏலாது என்பதை ஜெசியிடமே கேளுங்கள், நான் மாறி எழுதியிருப்பேன். முந்நூறு சனம் என்றது ஜெசியின் பதட்டக் கணக்கு, மண்டபக்காரரிடம் விசாரியுங்கள். மதலேன் அக்கா போன ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறையா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையா என்று என் மச்சாளுக்கு நினைவிருக்கலாம். மேடையில் நான் பேசியதை யாரோ கைபேசியில் பிடித்ததாகக் கேள்விப்பட்டேன். அதையும் எடுத்து ஒத்துப் பாருங்கள். அதில் நான் இதைவிட மென்மையாகச் சொல்லியிருந்தால், இங்கே எழுதியபடியே போடுங்கள்.